கமா சொல்லாத குரல்கள்

1983இல் அவர் வாங்கிய முதல் சம்பளம் சத்தமாகப் படித்ததற்குக் கிடைத்தது. அப்போது வயது பத்தொன்பது. சென்னையில் ஓர் அச்சகத்தில் காப்பி ஹோல்டர் வேலை. கையெழுத்துப் பிரதியை அவர் உரக்கப் படிக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் மூத்த புரூஃப் ரீடர், மை வாசனை போகாத கேலி புரூஃபின் மேல் பேனா முனையை நகர்த்திக்கொண்டே கேட்பார். உரக்க என்றால் எல்லாவற்றையும்தான். “ஆக்சிஜன் கமா நைட்ரஜன் கமா கார்பன் டை ஆக்சைடு ஆகிய வாயுக்கள் ஃபுல் ஸ்டாப் புது பாரா” என்று நாள் முழுக்க ஓதிவிட்டு வீட்டுக்குப் போனால், சாப்பாட்டுத் தட்டின் முன்பும் வாய் நிற்காது. “அம்மா கமா இன்னும் கொஞ்சம் ரசம்” என்று தம்பி கேலி செய்வான்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. அச்சுக்கோப்பவர்கள் போனார்கள், காப்பி ஹோல்டர் என்ற வேலையும் அவர்களோடு போனது. அவர் புரூஃப் ரீடராக மேலேறினார். வாய் மூடிக்கொண்டது, கண் மட்டும் மிஞ்சியது. பாடநூல், சட்டநூல், கும்பாபிஷேக மலர், கல்யாணப் பத்திரிகை என்று கூலிக்கு எழுத்து எழுத்தாக மேய்ந்த கண் அது. வீட்டில் ஆசைக்கு ஒரு நாவலைத் திறந்தாலும் கதையைப் பார்க்காது. ஒற்று மிகுந்திருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்க்கும். நாற்பது வயதைத் தாண்டியபோது, தனக்காகப் படிப்பது என்பது அவரிடம் அநேகமாக நின்றே போயிருந்தது.

வீடு செங்கல்பட்டில், வேலை சென்னையில். மின்சார ரயிலில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. பொறியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன் ஒருநாள் ரிச்சி தெருவில் வாங்கிய சின்ன எம்பி3 பிளேயரைக் கையில் வைத்தான். “மாமா, இனிமே கண்ணை மூடிக்கிட்டுப் படிங்க” என்றான். சினிமாப் பாட்டு இருக்கும் என்று நினைத்தார். இருந்தவை மூன்று கோப்புறைகள்: ஓர் இப்சன், ஒரு சோஃபோக்ளிஸ், ஒரு ஃபாரடே. பையன் கல்லூரி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இறக்கியிருந்தான். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாமல், இலவசமாகக் கிடைத்ததில் பெயர் தெரிந்ததை எடுத்ததாகப் பிற்பாடு ஒப்புக்கொண்டான்.

முதல் ஒரு வாரம் ஒன்றும் புரியவில்லை. அவருக்கு ஆங்கிலம் கண்ணால் வந்தது, காதால் வந்ததல்ல. ஆயிரக்கணக்கான பக்கம் ஆங்கிலப் புரூஃப் திருத்தியவர்தான். ஆனால் அந்தச் சொற்களை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ‘ஹைப்பர்போல்’ என்று முப்பது வருடம் மனத்துக்குள் உச்சரித்து வந்த சொல் ஒருநாள் ‘ஹைப்பர்பலி’ என்று காதில் விழுந்தது. அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லும் சந்தர்ப்பம் வராமல் போனதற்காகக் குரோம்பேட்டையில் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

அந்தப் பதிவுகள் லிப்ரிவாக்ஸ் என்ற அமைப்புடையவை. 2005 ஆகஸ்டில் மான்ட்ரியால் நகரில் ஹியூ மெக்குவையர் தொடங்கியது. காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தபடியே வாசித்துப் பதிவு செய்து, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். கூலி கிடையாது, கட்டணமும் கிடையாது. முதலில் வாசித்த நூல் ஜோசஃப் கான்ராடின் ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன், 1935இல், பிரிட்டனில் பார்வையற்றவர்களுக்காக இசைத்தட்டில் பேசும் புத்தகங்கள் வந்தபோதும், முதலில் வெளியானவற்றில் அகதா கிறிஸ்டியோடு கான்ராடின் ‘டைஃபூன்’ இருந்தது. இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்று, கடைசிவரை போலந்து வாடை போகாமல் அதைப் பேசிய மனிதர் கான்ராட். இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்ட நாளில் ‘ஹைப்பர்பலி’யின் கூச்சம் அவருக்குப் பாதி குறைந்தது.

நாடகமென்றால் லிப்ரிவாக்ஸில் ஒரு வினோதமான ஏற்பாடு. ஒவ்வொரு பாத்திரத்தின் வசனத்தையும் ஒவ்வொருவர் தனித்தனியாக, தத்தம் வீட்டிலேயே பதிவு செய்து அனுப்புவார். இன்னொருவர் எல்லாவற்றையும் வரிவரியாக ஒட்டுவார். இப்சனின் ‘பொம்மை வீடு’ அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு பேர் அதில் கணவன் மனைவியாகச் சண்டை போட்டார்கள். நோரா பேசும்போது பின்னணியில் மெல்லிய இரைச்சல். கணவன் டொர்வால்ட் வாய் திறந்தால் பாதாளக் கிணற்றின் எதிரொலி. ஒரே வரியில் வேறு எழுத்துரு கலந்துவிட்டால் புரூஃப் ரீடரின் கண் எப்படித் துடிக்குமோ, அப்படித் துடித்தது காது. முதல் அங்கம் முழுவதும் அவர் நாடகத்தைக் கேட்கவில்லை, ஒட்டுகளைக் கேட்டார்.

இரண்டாம் அங்கத்தில் நோரா தாரந்தெல்லா நடனம் ஆடுகிறாள். கடிதப் பெட்டிக்குள் கிடக்கும் கடிதத்தைக் கணவன் எடுத்துவிடாமல் தடுக்க, பித்துப் பிடித்தவள்போல் ஆடுகிறாள். ஒலிநூல் இந்த இடத்தில் தோற்றுவிட்டது என்பது அவருடைய தீர்ப்பு. ஆட்டத்துக்குக் குரல் ஏது? மேடைக்குறிப்பைப் படிக்கும் பெண் அவள் ஆடுவதாகச் சொல்கிறாள். கணவன் மெதுவாக ஆடு என்கிறான். நடுவில் ஒன்றுமே இல்லை.

ஆனால் கடைசி நொடி? நோரா வீட்டை விட்டுப் போகிறாள், கீழே கதவு மூடுகிறது. 1879 டிசம்பர் 21 அன்று கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் முதன்முதலாக மூடிய கதவு ஐரோப்பாவையே திடுக்கிட வைத்தது. ஜெர்மனியில் ஒரு நடிகை, ‘நான் என் பிள்ளைகளை விட்டுப் போக மாட்டேன்’ என்று அந்த முடிவை நடிக்க மறுக்க, இப்சனே வேண்டாவெறுப்பாக வேறொரு முடிவை எழுதிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தக் கதவைப் பார்வையாளர் யாரும் பார்ப்பதில்லை. மேடையில் மிஞ்சி நிற்பவன் கணவன் மட்டும். கதவு வெறும் ஓசை. லிப்ரிவாக்ஸில் ஒலி அலங்காரம் சேர்க்கும் வழக்கமில்லாததால் அந்த ஓசையும் இல்லை. கீழே கதவு மூடும் சத்தம் கேட்பதாக ஒரு பெண்குரல், மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல, வாசித்துவிட்டு நாடகம் முடிந்தது என்றது. மூடவே மூடாத கதவுகள் கொண்ட மின்சார ரயிலில் உட்கார்ந்து அதைக் கேட்டவர், இறங்க வேண்டிய எழும்பூரை விட்டுவிட்டுப் பூங்காவில் இறங்கினார்.

அவருக்குச் சொந்த ஊர் செய்யாறு பக்கம். பத்து வயதில் அம்மை போட்டிருந்தது. வேப்பிலைப் படுக்கை, வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அந்த வருடம் பார்த்துத் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து. இரவெல்லாம் ஒலிபெருக்கி வழியே கூத்து வந்து படுக்கையில் இறங்கியது. அரிதாரம் இல்லை, கட்டை கிரீடம் இல்லை, திரை பிடித்து வரும் துரியோதனன் இல்லை. மிருதங்கமும் முகவீணையும் தொண்டையும்தான். யார் வருகிறார், எந்த நாட்டு ராஜா என்றெல்லாம் கட்டியங்காரன் கேட்டுக் கேட்டுச் சொல்லிவிடுவதால் குழப்பமும் இல்லை. 1984இல் ‘விதி’ படத்தின் வசன கேசட் டீக்கடை டீக்கடையாக ஓடியபோது, படம் பார்க்காமலேயே நீதிமன்றக் காட்சியை ஒப்பிக்கத் தெரிந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். அவரும் அதில் ஒருவர். ஆக, நாடகத்தைக் காதால் மட்டும் பார்ப்பது அவருக்குப் புதிதில்லை, மறந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

சோஃபோக்ளிஸின் ‘ஓடிப்பஸ் மன்னன்’ அவருக்குச் சட்டென்று பிடிபட்டதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். கிரேக்க நாடகத்தில் கொலையும் கோரமும் பெரும்பாலும் மேடைக்கு வெளியேதான். அரண்மனைக்குள் ராணி தூக்கில் தொங்குகிறாள். அவள் ஆடையில் செருகியிருந்த ஊசிகளைப் பிடுங்கி ஓடிப்பஸ் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். இதையெல்லாம் ஓர் ஆள் வெளியே ஓடிவந்து சொல்கிறான். ஏதென்ஸ் நகரத்து மர இருக்கைகளில் உட்கார்ந்திருந்த யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களும் கேட்கத்தான் செய்தார்கள். தாம்பரத்தில் நெரிசலுக்குள் நின்றபடி கேட்டவருக்கு ஒன்றும் குறைத்துக் கொடுக்கப்படவில்லை. வாசித்த அன்பரின் பின்னால் எங்கோ ஒரு நாய் குரைத்தது. அதை அவர் தீப்ஸ் நகரத்து நாய் என்றே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கோப்புறைதான் அவரை முழுசாக வளைத்தது.

மைக்கேல் ஃபாரடேயின் ‘மெழுகுவர்த்தியின் வேதியியல் வரலாறு’ எழுதிய புத்தகம் அல்ல, பேசிய பேச்சு. 1860 டிசம்பர் கடைசியிலும் அடுத்த ஜனவரித் தொடக்கத்திலுமாக, லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் சிறுவர் சிறுமியருக்காக அவர் ஆற்றிய ஆறு உரைகள். அறுபத்தொன்பது வயதில் பேசியதை ஒரு குறிப்பாளர் சொல் விடாமல் எடுத்துக்கொடுக்க, வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்தார். பேச்சு தாளில் இறங்கி, நூற்றைம்பது வருடம் கழித்து மறுபடி பேச்சானது. கையெழுத்துப் பிரதியைக் குரலாக்கிக் குரலை அச்சாக்கிய ஒரு பழைய காப்பி ஹோல்டருக்கு இந்தச் சுற்று பிடிக்காமல் எப்படி இருக்கும்?

ஃபாரடேயும் அச்சுத் தொழில் பக்கத்து ஆள்தான். கொல்லர் மகன், பதினான்கு வயதில் பைண்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். கட்டுப் போட வந்த புத்தகங்களைப் படித்தே வளர்ந்தார். அவற்றில் ஒன்று ஜேன் மார்செட் என்ற பெண்மணி பெயர் போடாமல் வெளியிட்ட ‘வேதியியல் உரையாடல்கள்’. திருமதி பி. என்ற ஆசிரியை, எமிலி, கேரலைன் என்ற இரு மாணவிகள்; மூவரும் பேசிப் பேசியே வேதியியலை நகர்த்துவார்கள். அறிவியல் நூல்தான், ஆனால் நாடக வடிவம். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் உரைகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தன் கையாலேயே கட்டுப் போட்டு அவருக்கு அனுப்பித்தான் ஃபாரடே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். “கட்டுக்கு வந்ததைப் படிச்சவரு விஞ்ஞானி ஆனாரு. புரூஃபுக்கு வந்ததை முப்பது வருஷம் படிச்சு நான் என்ன ஆனேன்?” என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பார். யாரும் பதில் சொன்னதில்லை.

இத்தனை புகழ்பெற்ற பேச்சாளருக்கு ஒரு குறை இருந்தது: வேகம். உற்சாகத்தில் ஓடிவிடுவார். அதற்காகப் பேச்சுக் கலைக்கு ஆசிரியர் வைத்துப் பழகினார். பேசும்போது ‘மெதுவாக’ என்று எழுதிய அட்டையைக் கண்முன் வைக்கச் சொல்லியிருந்தார். பிற்பாடு எம்பி3 பிளேயர் போய் ஸ்மார்ட்போன் வந்தபோது, ஒலிநூல் செயலியில் வேகத்தைக் குறைக்கும் பொத்தானை அவர் கண்டுபிடித்தார். முக்கால் வேகம். ஃபாரடேயின் அட்டையை ஃபாரடேயின் முன்னாலேயே தூக்கிக் காட்டுவதுபோல இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஃபாரடே மூச்சுக்கு மூச்சு ‘இதோ பாருங்கள்’ என்கிறார். குழந்தைகள் பார்த்தார்கள், இவருக்கு எதிரே சிங்கப்பெருமாள் கோயில் ஸ்டேஷன்தான் தெரிந்தது. 1782இல் மூழ்கிய ராயல் ஜார்ஜ் கப்பலிலிருந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் கடலுக்கடியில் கிடந்து வந்த ஒரு மெழுகுவர்த்தியைத் தூக்கிக் காட்டி, அதுவும் எரிகிறது பாருங்கள் என்கிறார். சுடரின் நடுவே கறுத்துத் தெரியும் இடத்தில் கண்ணாடிக் குழாயைச் செருகி, எரியாத ஆவியை வெளியே இழுத்து, குழாயின் மறுமுனையில் பற்ற வைக்கிறார். எல்லாம் வெறும் வார்த்தை.

2012. தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு கோலோச்சிய காலம். ஒரு ராத்திரி கரண்ட் போனதும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பு படித்த மகளைக் கூப்பிட்டு, முதல் உரையில் கேட்டதைச் செய்து பார்த்தார். சுடரை ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை இழை எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், இரண்டு மூன்று அங்குலம் மேலே அந்தப் புகையில் காட்ட வேண்டும். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது தடவை விரல் சுட்டது. மூன்றாவது தடவை தீ புகை வழியே சரேலென்று கீழே இறங்கித் திரியைப் பிடித்தது. புகையாகத் தெரிந்தது எரியாத மெழுகின் ஆவிதான். காற்றசைவு இருக்கக் கூடாது என்று ஃபாரடே எச்சரித்திருந்தார். மின்விசிறி ஓடாத வீடு என்பதால் அந்தக் கவலை இல்லை. “இன்னொரு தடவைப்பா” என்றாள் மகள். கரண்ட் வந்தபோது இருவருமே கொஞ்சம் ஏமாந்துபோனார்கள்.

எல்லா அறிவியலும் இப்படிக் காதுக்குள் போய்விடாது. டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் இருப்பது ஒரே ஒரு வரைபடம். கிளை கிளையாகப் பிரியும் மரம்போல. நாலாம் அத்தியாயத்தில் அதை எழுத்துகளால் விளக்குகிறார்: ஏயிலிருந்து ஏ ஒன்றும் எம் ஒன்றும், அவற்றிலிருந்து ஏ இரண்டு, எம் இரண்டு... பரனூரில் தொடங்கிய இந்த ஆஜர்ப் பட்டியல் வண்டலூர் வரை ஓடியது. புத்தகமாக இருந்தால் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். பெரிய எண்களும் அப்படித்தான். எத்தனை சைபர் என்று கண் எண்ணிப் பார்க்க ஆசைப்படும். காதுக்குள் எல்லாக் கோடியும் ஒரே நீளம்.

ஸ்டீஃபன் ஹாக்கிங்கின் ‘காலம்: ஒரு வரலாற்றுச் சுருக்கம்’ அந்த வகையில் தப்பித்தது. ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்று யாரோ எச்சரித்ததால், ஐன்ஸ்டைனின் அந்தப் பிரசித்தமான ஒன்றைத் தவிர வேறெதையும் அவர் சேர்க்கவில்லை. அதன் ஒலிநூலை வாசித்தவர் மைக்கேல் ஜாக்சன் என்று செயலியில் பார்த்துவிட்டு அக்கா மகன் போன் போட்டான். அவர் லாஸ் ஏஞ்சலிஸ் வானொலியில் பெயர்பெற்ற வேறொரு மைக்கேல் ஜாக்சன் என்று விளங்கவைக்க ஐந்து நிமிடம் ஆனது. ரிச்சர்ட் டாக்கின்ஸின் ‘சுயநல ஜீன்’ இன்னும் நல்ல ஏற்பாடு. டாக்கின்ஸும் நடிகை லல்லா வார்டும் மாறி மாறி வாசிக்கிறார்கள். அடுத்த குரல் வரும்போது அயர்ந்த காது நிமிர்ந்துகொள்கிறது.

குரல் மாறுவது ஓரிடத்தில் அவரை நிலைகுலைய வைத்தது. கார்ல் சேகன் தன் ‘பேல் ப்ளூ டாட்’ நூலை 1994இல் தாமே வாசித்துப் பதிவு செய்தார், 1996இல் இறந்துபோனார். பல வருடம் கழித்துப் பதிவை மறுபடி வெளியிட எடுத்தபோது சில பகுதிகள் கெட்டுப்போயிருந்தன. அந்த இடங்களை அவர் மனைவி ஆன் ட்ரூயன் வாசித்து நிரப்பினார். கேட்டுக்கொண்டே போகையில் கணவனின் குரல் நின்று மனைவியின் குரல் தொடர்கிறது; வாக்கியங்கள் அவருடையவைதான். இதில் ஒட்டுத் தெரிகிறது என்று குறை சொல்ல அந்தப் பழைய புரூஃப் ரீடரின் காதுக்கே மனம் வரவில்லை.

நாடகமும் அறிவியலும் ஒரே பதிவில் வந்து சேர்ந்தது மைக்கேல் ஃப்ரெயினின் ‘கோபன்ஹேகன்’. 1998இல் லண்டனில் அரங்கேறியது. லாஸ் ஏஞ்சலிஸில் எல்.ஏ. தியேட்டர் ஒர்க்ஸ் என்ற குழு இருக்கிறது. ரசிகர்களை எதிரே உட்காரவைத்து, நடிகர்களை மைக் முன் நிறுத்தி, நாடகங்களைக் காதுக்காகவே பதிவு செய்வது அவர்கள் வேலை. அறிவியல் நாடகங்களுக்குத் தனி வரிசையே வைத்திருக்கிறார்கள். அதில் வந்தது இது. கதை இவ்வளவுதான்: 1941 செப்டம்பரில், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த கோபன்ஹேகனுக்கு ஹைசன்பர்க் வந்து, தன் குருவான நீல்ஸ் போரைச் சந்தித்தார். அணுகுண்டைப் பற்றி ஏதோ பேசினார்கள். என்ன பேசினார்கள் என்பதில் இருவர் சொல்வதும் ஒத்துப்போகவில்லை. ஹைசன்பர்க்குக்கு எழுதி அனுப்பாமலேயே போர் வைத்திருந்த கடித வரைவுகளை 2002இல் வெளியிட்டார்கள். அதன் பிறகும் வழக்கு தீரவில்லை. நாடகத்தில் போர், அவர் மனைவி மார்கிரெத், ஹைசன்பர்க் மூவரும் இறந்த பின் கூடி, அந்த மாலையைத் திரும்பத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள்.

வீட்டில் யாராவது மைக் வைத்திருப்பார்கள் என்று பயந்து இருவரும் வெளியே நடக்கப் போகிறார்கள். யார் காதிலும் விழக் கூடாது என்று பேசிய பேச்சு. அதைச் செங்கல்பட்டு வண்டியில் காதில் மாட்டிக்கொண்டு ஒருவர் கேட்கிறார். இரண்டு ஆண் குரல்களும் சில சமயம் ஒன்றுபோலவே ஒலித்தன. மார்கிரெத் குறுக்கிட்டால்தான் யார் எங்கே நிற்கிறார் என்று துலங்கும். மார்கிரெத்துக்குப் புரிகிற பாஷையில் சொல்ல வேண்டும் என்று அந்த மேதைகள் இருவரும் நாடகத்துக்குள்ளேயே தங்களுக்கு விதி வைத்துக்கொள்கிறார்கள். செய்யாறு பக்கத்துக் காதுக்கு அவள்தான் கட்டியங்காரன். நாலு முறை கேட்டார். நாலாவது முறையிலும் போர் பக்கமா ஹைசன்பர்க் பக்கமா என்று அவரால் முடிவு செய்ய இயலவில்லை. மார்கிரெத் பக்கம் என்று வைத்துக்கொண்டார்.

2022இல் ஓய்வு பெற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் திருவல்லிக்கேணிக்குப் போகிறார். 1983இல் எதிரே உட்கார்ந்து கேட்ட அந்த மூத்த புரூஃப் ரீடர் அங்கேதான் இருக்கிறார். கண் நீர் அழுத்தம் பார்வையை அநேகமாகக் கொண்டுபோய்விட்டது. எடிசன் தன் ஃபோனோகிராஃபுக்கு என்னென்ன பயன் என்று 1878இல் எழுதிய பட்டியலில், பார்வையற்றவர்களுக்குப் புத்தகம் வாசிக்கும் என்பதை இரண்டாவதாகவே வைத்திருந்தார். இதைச் சொன்னபோது மூத்தவர், “முதல்ல என்ன போட்டான்?” என்றார். கடிதம் எழுதுவது. “அதான பார்த்தேன், ஆபீஸ் வேலைதான் முன்னாடி.”

முதல் நாள் ஃபாரடேயைப் போட்டார். மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான் என்றாலும் மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “தம்பி, கமாவே சொல்ல மாட்டேங்கிறானே” என்றார்.

“மூச்சு விடுறாரு பாருங்க சார், அதான் கமா.”

மூத்தவர் தலையசைத்தார். அடுத்த சில நிமிடங்கள் அவர் ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையில் மூச்சுக்கு மூச்சு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டே போனது. பிறகு ஓரிடத்தில் வாசித்தவர் தடுக்கி, அதே வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பதிவில் அதை வெட்டாமல் விட்டிருந்தார்கள். மூத்தவரின் வலது கை சட்டைப் பைக்குப் போய், அங்கே இல்லாத பேனாவைத் தேடியது.

“டபுள் அடிச்சிருக்கான்” என்றார். “ஒண்ணை எடுத்துடு.”